இடது முன் மூலை

இங்கே விளையும் பீட்டுக்குச் சிவப்பு கிடையாது.
சர்க்கரைக்கென்று வளரும் அழுக்கு வெள்ளைக் கிழங்கு,
கையில் எடுத்தால் பிறந்த குழந்தையின் தலைக் கனம்.
வடக்கு டகோட்டாவின் அக்டோபர் முழுக்க
லாரி லாரியாக வந்து குவிகிறது.
பகல் ஷிப்ட் எனக்கு, இரவு ஆர்விட்டுக்கு.
போக மிச்சம் டிரெய்லரில் ஒரு கட்டில்;
அதன் சூடு ஆறுவதே இல்லை.

நாங்கள் பேசிக்கொள்வது ஃப்ரிட்ஜ் கதவில்,
காந்தத்துக்கு அடியில்.
"பால் தீர்ந்தது."
"உன் அக்கா கூப்பிட்டாள்."
ஒருநாள் எழுதினேன்:
"இடது முன் மூலை இறங்குகிறது."
"மண் இளகல். பலகை வை."
வைத்தேன்.
மறுநாள் முட்டையொன்று மேசையில் நடந்து போய்
தரையில் உடைந்தது.
"குளிரில் எண்ணெய் சுருங்கும்.
எல்லா ஜாக்கும் அப்படித்தான்."
அப்படியென்றால் மற்ற மூன்றும்
ஏன் காவல்காரன் மாதிரி நிற்கின்றன?
கேள்விக்குறியை இரண்டு தடவை அழுத்தி எழுதினேன்.
பதில் வந்தது:
"பால் வாங்கிவிட்டேன்."

ஜாக்கின் பளபளக்கும் தண்டில்
உறையை ஒட்டி, அதற்கு ஒரு விரல் கீழே
நகப்பூச்சால் கோடு கிழித்தேன்.
விடியும்போது கோட்டைக் காணோம்,
உறைக்குள் போயிருந்தது.
கீழே விரித்த காகிதத்தில்
ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.
வெளியே ஒழுகினால் துடைத்துவிடலாம்.
இது வந்த வழியே
சத்தமில்லாமல் தன் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் தேதி மழை.
வயலில் சக்கரம் இறங்காது, இரண்டு ஷிப்டுக்கும் ஓய்வு.
பதினெட்டு நாளுக்குப் பிறகு
ஒரே நேரத்தில் ஒரே கட்டில்.
இரண்டு மணி இருக்கும்,
ஆர்விட் என் பக்கம் உருண்டு வந்தான்.
ஆசை என்று நினைத்தேன்.
"சரியுது" என்றான் இருட்டில்.
"எழுதியிருந்தேனே" என்றேன்.

மழை விட்டதும்
சட்டத்துக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகள் கொடுத்து,
ஜாக்குகளை மேலே இழுத்து அழுத்தம் போக்கி,
இடது வால்வை வலதிலும் வலதை இடதிலும்
மாற்றித் திருகினோம்.
குற்றம் வால்வோடு போகுமா, மூலையிலேயே தங்குமா?
தங்கினால் சிலிண்டர்,
இந்தச் சீசன் கூலியில் பாதி.
அன்றிரவு இரண்டு தண்டிலும் கோடு.
டார்ச்சோடு முறை வைத்துப் போய்ப் பார்த்தோம்.
நள்ளிரவு தாண்டி வலது மூலை இறங்கத் தொடங்கியது.
தன் வீடு மறுபக்கம் சாய்ந்ததற்கு
இப்படிச் சேற்றில் குதித்தவர்கள்
வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.
பக்கத்து வண்டி ஓடெல் விளக்கைப் போட்டுப் பார்த்து
அணைத்தாள்.

காலையில் மறுபடி ஸ்டாண்டுகள் கொடுத்து
அதே வால்வைக் கழற்றினோம். அதன் வாயில்
ரப்பர் வளையத்தின் பிசிறு ஒன்று,
கடுகில் பாதிகூட இல்லை.
நாலு டன் வீடு அதன் ஓரமாக
இரவு இரவாக இறங்கியிருக்கிறது.
ஆர்விட் அதைக் கட்டைவிரல் நகத்தில் ஏந்தி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தான்.
"மண் கெட்டியாத்தான் இருக்கு" என்றான்.
முப்பத்தோரு வருடத்தில்
இதைவிட நீளமாக அவன் மன்னிப்புக் கேட்டதில்லை.

புது வளையம் போட்டு மூடினோம். வயலும் காய்ந்தது.
மறுபடி பகல் எனக்கு, இரவு அவனுக்கு.
கோடு போட்ட இடத்தில் நிற்கிறது.
நான்தான் தூங்கவில்லை.
சரிவுக்கு எதிராகச் சுவரில் முட்டுக்கொடுத்தே
பழகிய இடது கால்
முட்டக் காரணமில்லாமல் விழித்திருக்கிறது.
காலையில் கிளம்பும்போது
காந்தத்தை நகர்த்தி எழுதினேன்:
"இறங்கவில்லை."
மாலையில் அதன் கீழே அவன் கோணல் எழுத்து:
"எனக்கும் தூக்கம் வரவில்லை.
பால் இருக்கிறது."